நாண்

பின்னிரவு. மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது.
கில்டேர்ப் புல்வெளியின் ஓரத்தில்
நாற்பது குதிரைகள் நின்றவாறே உறங்குகின்றன.
பதினோராம் கொட்டிலில் மட்டும் விளக்கு.

பெக் விழித்திருக்கிறாள்.
பந்தயச் சீட்டில் அவளுக்கு நீளமான பெயர் உண்டு;
இங்கே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
இடது முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே
தசைநாண் புடைத்து வெளியே வளைந்திருக்கிறது,
நாணே வில்லாகிவிட்டதுபோல.

நூலா பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறாள்.
பெக்குக்கும் ஒரு துணி, கண்ணை மூட.
மயிர் மழித்த இடம் உள்ளங்கை அகலம்.
கரிய தோல் ஒளியைக் குடித்துச் சூடேறும் என்பதால்
அளவு கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறது.
கருவியின் முனையை நேர்க்குத்தாக அழுத்துகிறாள்.
ஒரு புள்ளிக்கு நாற்பது வினாடி,
அப்புறம் ஒரு விரற்கடை கீழே.

அங்கே தெரியும் சிவப்பு
வெறும் வழிகாட்டி, டெக்லன் சொல்லியிருக்கிறார்.
வேலை பார்க்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.
தெரியாததை நம்பச் சொல்வது
பாதிரியார் வேலை அல்லவா, டாக்டர்?
பாதிரியார் பில் அனுப்புவதில்லை, நூலா.

ஓடுவாளா?
ஒளி யாரையும் ஓட வைக்காது.
வீக்கத்தோடு கொஞ்சம் பேசிப் பார்க்கும்.
கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும்.
மற்றது ஓய்வு, நடை, மறுபடி ஸ்கேன்,
பத்து மாதம்.

பத்து மாதம்!
அந்த எண்ணை அவள் மண்வாரியோடு சேர்த்துத் தூக்கினாள்,
ஈர வைக்கோலோடு, இருபது லிட்டர் வாளியோடு.
ஒவ்வொரு தூக்கிலும் வலது கட்டைவிரலின் அடியில்
ஒரு கம்பி சுண்டியது.
தேநீர்க் கோப்பையைக்கூட
இடக்கையால்தான் பிடிக்கிறாள், மூன்று வாரமாக.
கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் ஊர் மருத்துவர்,
வாடகை தேதி அவருக்குத் தெரியாது.

எட்டாவது புள்ளி முடிந்தது.
பெக் மூச்சை நீளமாக விட்டாள்.
நூலா கதவைப் பார்த்தாள்.
பிறகு முனையைத் தன் மணிக்கட்டில் வைத்தாள்.

நாற்பது வினாடி.
சூடு இல்லை. சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.
சிவப்புப் பொட்டு மட்டும் தோலில்.
நாண் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்:
ஒன்று இழுத்தால் வலிக்கும்,
மற்றது யாராவது பார்த்தால்.

பார்த்தது கருவி.
அதற்குள் ஒரு எண்ணி இருப்பது
வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

எட்டுப் புள்ளி எழுதிக் கொடுத்தேன்.
தினமும் ஒன்பது காட்டுகிறது.
எனக்குக் கணக்கு வராது, டாக்டர்.
கையைக் கொடு.

குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல் வாங்கினார்.
கட்டைவிரலை உள்ளே மடக்கி
விரல்களால் மூடி
சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார்.
அவள் பல்லைக் கடித்தாள்.
பெக் திரும்பிப் பார்த்தாள்.

நீ குதிரையாக இருந்தால்
இன்றைக்கே கொட்டிலில் கட்டியிருப்பேன்.
குதிரையாக இருந்தால் எனக்குக் காப்பீடு இருந்திருக்கும்.

இதற்கு அவரிடம் பதில் இல்லை.
மனிதத் தோலுக்கு எனக்கு உரிமம் கிடையாது என்றார்,
நியூபிரிட்ஜில் ஒரு இயன்முறைக்காரியின் எண் கொடுத்தார்.
ஒளி வைப்பாள், கைப்பட்டை தருவாள்,
முதலில் திட்டுவாள்.

மறுநாள் விடியலில்
தீவன அறையின் வெள்ளைப் பலகையில்,
ஓய்வுக் குதிரைகளின் பட்டியலில்,
பெக்குக்கும் சீழ்பிடித்த குளம்புக்காரனுக்கும் கீழே
டெக்லனின் கோணல் எழுத்து:
நூலா. வலது முன்கை. வாளி கூடாது.

எல்லாரும் சிரித்தார்கள்.
தலைமைக் காவலாளியும் சிரித்தான்;
சிரித்துக்கொண்டே
அவளுடைய இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு போனான்.

ஸ்கேனில் பெக்கின் நாணுக்குள் இருந்த கறுப்புக் குழி
ஓரத்தில் சாம்பலாகியிருக்கிறது.
ஒளியாலா, ஓய்வாலா, யாரும் சத்தியம் செய்யவில்லை.
நூலாவின் மணிக்கட்டை யாரும் படம் எடுக்கவில்லை.

மழை விட்டிருந்தது.
பத்து நிமிட நடை, மெதுவாக, நேர்க்கோட்டில்.
கயிறு இடக்கையில்.
வலக்கை கோட்டுப் பைக்குள்,
வேலை இல்லாமல்.